110 சிசியா, 125 சிசியா?

குன்னூரில் வசிக்கும் என் சித்தி மகள் ஸ்கூட்டர் வாங்கப் போகிறாள். 125 சிசியை விட 110 சிசி வண்டிதானே மைலேஜ் கூடுதலாகக் கொடுக்கும் என்று கேட்டாள். எஞ்சின் சிறியதென்றால் பெட்ரோலும் குறைவாகத்தான் குடிக்கும் என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் அது பாதி உண்மைதான் என்பதை அவளுக்கு விளக்க முயன்றபோது எழுதி வைத்த கணக்குகளை இங்கே பகிர்கிறேன்.

யமஹா ஃபேசினோ 125 இரண்டாயிரத்து இருபதையொட்டிச் சந்தைக்கு வந்தபோது அதன் எடை 99 கிலோ. அதே சமயம் வந்த ஹோண்டா ஆக்டிவா 6ஜி, 110 சிசி வண்டியாக இருந்தும் 107 கிலோ. டிவிஎஸ் என்டார்க்கோ அதே 125 சிசியில் 118 கிலோ. ஆக, சிசியை மட்டும் வைத்து வண்டியின் எடையைக்கூட ஊகிக்க முடியாது.

எடை எங்கே பெட்ரோலைக் கேட்கிறது? வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொண்டால், நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஏறத்தாழ 11 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்று கொண்டால், ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் ஒன்றரை மில்லிக்குச் சற்று அதிகமாகச் செலவாகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று முறை நிற்க வேண்டியிருக்கும் நெரிசலில், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியின் பெட்ரோலில் கால் பங்கு இப்படிப் பிரேக்கிலேயே சூடாகிக் கரைந்துவிடுகிறது. சீரான நெடுஞ்சாலையில் இந்தச் செலவு இல்லை. அங்கே எதிர்க்காற்றுதான் பெட்ரோலைத் தின்கிறது, அதற்கு எடை ஒரு பொருட்டல்ல.

மலைப்பாதையில் எடையின் கணக்கு இன்னும் கடுமையானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் உயரம் சுமார் 1,400 மீட்டர். இருவர் அமர்ந்த வண்டியின் மொத்த எடை 250 கிலோ என்றால், அதை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே, அதே ஐந்தில் ஒரு பங்கு கணக்கின்படி, அரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் போய்விடும்.

இனி எஞ்சினுக்கு வருவோம். சமதரையில் ஒருவர் நிதானமாக ஓட்டும்போது பெரிய எஞ்சின் பாதி மூச்சில் இயங்குகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவான திராட்டில் அப்போது பெரும்பகுதி மூடியிருக்கும், அதன் வழியே காற்றை இழுப்பதிலேயே அதன் உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. அங்கே சிறிய எஞ்சினே சிக்கனமானது. ஆனால் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேடேறும்போது சிறிய எஞ்சினின் ஆக்ஸிலரேட்டரைக் கடைசி வரை முறுக்க வேண்டியிருக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அப்போது கியரின் வேலையைத் தானாகச் செய்யும் பெல்ட்டும் வேரியேட்டரும் எஞ்சினை அதிகச் சுழற்சிக்குத் தள்ளுகின்றன, முழு முறுக்கில் எரிபொருளும் தாராளமாகவே தெளிக்கப்படுகிறது. அதே மேட்டை 125 சிசி குறைந்த சுழற்சியிலேயே ஏறிவிடும்.

அவள் தினமும் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவள். அதனால் எடை குறைந்த 125 சிசி வண்டிகளை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது தனியாகப் போகாமல், கணவரையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.