படகுக்குள் தூங்கியவர்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் குமரிக் கரையைச் சூறையாடியபோது அண்ணன் ஆழ்கடலில் இருந்தான். தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் சுறாவுக்கும் சூரை மீனுக்கும் வாரக்கணக்கில் போகும். ஏற்கெனவே போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

மயினி (அண்ணனின் மனைவி) சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. இரவு கோயிலில் செபமாலை. அம்மாவின் விரலில் மணிகள் நகர்ந்தன. குரல்தான் நடுநடுவே நின்றுபோனது. விட்ட இடத்தைப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லி முடித்தார்கள். செபமாலையின் அருமை அன்றுதான் தெரிந்தது. சொந்தமாக வார்த்தை தேட வேண்டாம், தொண்டை அடைத்தாலும் செபம் நிற்காது.

"விசுவாசம் இருந்தால் பயமே வராது" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாற்கு நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் சீடர்களின் படகு புயலில் சிக்குகிறது; இயேசு அதே படகில்தான் தலையணை வைத்துத் தூங்குகிறார். அப்படியும் சீடர்களுக்கு உயிர் பதறுகிறது. (அவர்களில் சிலர் மீனவர்கள் வேறு!) நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று அவரை எழுப்பிக் கேட்கிறார்கள். சரி, இப்படிச் செபிக்கலாம் என்றால் என்னாலும் முடியும். அவரோடு சண்டை போட்டேன். அப்புறம் தூங்கிவிட்டேன்.

அண்ணனின் படகு லட்சத்தீவில் கரையேறியது. அடுத்த தெருவில் ஒருவர் வரவேயில்லை. செபத்தால்தான் அண்ணன் பிழைத்தான் என்று நான் சொல்வதில்லை; அந்த வீட்டிலும் செபித்தார்கள். டிசம்பர் 7 அன்று காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறை ரயில் நிலையத்தில் ஊரே தண்டவாளத்தில் உட்கார்ந்தது. மயினியும் நானும் அந்த வீட்டு அக்கா பக்கத்தில்தான் இருந்தோம்.