1539-ஆம் ஆண்டு மஸ்டர் ரோலைப் படிக்கப் பழகிய கதை

எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்தில் மன்னரிடம் நிலையான பெரும்படை கிடையாது. உழுதவர், நெய்தவர், மாவரைத்தவர் வீடுகளில் கிடந்த வில்லும் தலைக்கவசமும்தான் நாட்டின் படைபலம். ஊர்வாரியாக ஆண்களின் பெயரையும் ஆயுதத்தையும் கணக்கெடுத்து எழுதிய பட்டியலுக்கு 'மஸ்டர் ரோல்' என்று பெயர். யார் வீட்டில் என்ன இருந்தது என்பதை அந்த மூல ஏட்டிலேயே பார்த்துவிடும் ஆசையில், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அதே ஆசை உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உள்ளே போவது சுலபம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் காட்டினால் வாசகர் அட்டை இலவசம். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும்தான். மஸ்டர் ரோல்கள் பெரும்பாலும் எக்ஸ்செக்கர் (அரசுக் கருவூலம்), ஸ்டேட் பேப்பர்ஸ் (அரசு ஆவணங்கள்) தொகுப்புகளில் இருக்கின்றன. ஆவண எண்ணை இணையப் பட்டியலில் முன்பே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிரமமெல்லாம் கையெழுத்தில்தான். 'செக்ரட்டரி' என்ற அன்றைய எழுத்து முறையில் ஆங்கில 'இ' முதுகைக் காட்டி நிற்கும், 'ஹெச்' வரிக்குக் கீழே வால் விடும், 'எஸ்' பார்ப்பதற்கு 'எஃப்' மாதிரியே இருக்கும். காப்பகம் இணையத்தில் தரும் இலவசப் பயிற்சிதான் என்னைக் கரை சேர்த்தது. முதலில் பெயர்களைப் பிடியுங்கள். ஜான், தாமஸ், வில்லியம் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள். அந்த எழுத்துகள் பிடிபட்டால் மற்றவையும் வசப்படும். தேதி, மன்னர் ஆட்சிக்கு வந்த நாளிலிருந்து எண்ணும் ஆட்சியாண்டில் இருக்கும். ஹென்றியின் 30-ஆம் ஆண்டு என்றால் 1538 ஏப்ரல் 22 முதல் 1539 ஏப்ரல் 21 வரை.

எழுத்து பிடிபட்ட பிறகு ஏட்டைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பிரான்ஸ் மன்னரும் பேரரசர் ஐந்தாம் சார்லஸும் சமாதானமானதால் படையெடுப்பு வருமோ என்று 1539-இல் இங்கிலாந்து அஞ்சிய நேரம் அது. ஊர் ஊராக ஆண்களைக் கூட்டி, வில்லாளிகள் ஒருபக்கம், பில்காரர்கள் ஒருபக்கம் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். பில் என்பது நீளக் கம்பின் நுனியில் வளைந்த இரும்பு அலகு பொருத்திய ஆயுதம். ஒருவரிடம் வில்லும் ஒரு கட்டு அம்பும் (24 அம்பு ஒரு கட்டு), இன்னொருவரிடம் இரும்புத் தகடு வைத்துத் தைத்த 'ஜாக்' என்ற மேற்சட்டை. சிலரிடம் கவசத்தின் ஒரு பகுதி மட்டும். பலருக்குப் பெயரைத் தவிர எதுவுமே இல்லை. போர்களின் வரலாற்றில் இவர்கள் வெறும் தலைக்கணக்கு; பெயர் சொல்லி நிற்பது இங்கேதான்.

பட்டியலோடு சட்டத்தையும் வைத்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். 1285-இன் வின்செஸ்டர் சட்டம் 15 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் சொத்துக்கேற்ப ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்றது. அதை மாற்றிய 1558 சட்டத்தில், ஆண்டுக்கு 5 முதல் 10 பவுண்டு நில வருமானம் உள்ளவர் தகட்டுச் சட்டை, பில் அல்லது ஹால்பர்ட் (கோடரி அலகுள்ள ஈட்டி), நெடுவில், ஒரு கட்டு அம்பு, எஃகுத் தொப்பி வைத்திருக்க வேண்டும். ஊர்ப் பொதுக் கவசங்களும் உண்டு. சஃபோக்கின் மெண்டில்ஷம் தேவாலய வாசல் மண்டபத்து மேலறையில் அவை இன்றும் இருக்கின்றன.

1522 பட்டியல்களை மட்டும் எச்சரிக்கையோடு படியுங்கள். ஆயுதக் கணக்கு என்ற பெயரில் ஹென்றியின் தலைமை அமைச்சராக இருந்த கார்டினல் வுல்சி மக்களின் நிலத்தையும் பொருளையும் மதிப்பிட்டு, அதை வைத்தே கடன் வசூலித்தார். ஆனால் ஒருவரின் செல்வத்தையும் ஆயுதத்தையும் ஒரே வரியில் காட்டுவதால், எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். பக்கிங்ஹாம்ஷயர், ரட்லண்ட், கார்ன்வால் பட்டியல்கள் அச்சிலேயே கிடைக்கின்றன. கையெழுத்துக்குப் பயப்படுகிறவர்கள் அவற்றிலிருந்து தொடங்கலாம்.