கையைப் பிடிக்காதீர்கள், கையைக் கொடுங்கள்

சாலையோரம் வெள்ளைக் கோலோடு ஒருவர் நின்றால் நம் ஊரில் யாராவது ஓடி வந்துவிடுவார்கள். கையைப் பிடித்து, வண்டிகளை நிறுத்தி, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மறுவேலை. அந்த மனசு பெரிது. ஆனால் அவர் சாலையைக் கடக்க நின்றாரா, பஸ்ஸுக்கு நின்றாரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். பார்வையற்றவர்களுக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் தனியாக நடமாடப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சென்னைத் தெருக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

பலரும் கோல் இருக்கும் கையையே பிடித்து இழுக்கிறார்கள். கோல் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் முன்னால் படியா, பள்ளமா என்று அவருக்குத் தெரியாமல் போகிறது. முதலில் "உதவி வேணுமா சார்?" என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் புறங்கையால் அவர் கையை லேசாகத் தொடுங்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவரே பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை எட்டு முன்னால் நடந்தால் போதும். நீங்கள் திரும்புவதும் ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கை வழியாகவே அவருக்கு எட்டிவிடும். படி வந்தால் சற்று நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார வைக்கத் தோளை அமுக்க வேண்டியதில்லை. அதன் முதுகில் அவர் கையை வைத்துவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். பிடித்திருப்பது அவர் என்பதால், வேண்டாதபோது விடுவதும் அவர் விருப்பம்.

கோல் வீசுவதற்கும் முறை உண்டு. இடது கால் முன்னால் போகும்போது கோலின் நுனி வலப்பக்கம் தொட வேண்டும். அடுத்து வலது கால் விழப்போகும் இடத்தை அது முன்கூட்டியே சோதித்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை இது. கால் பழகச் சில நாள் ஆகும், அப்புறம் மறக்காது. ஆனால் கோலுக்குத் தரைதான் தெரியும். லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும், தாழத் தொங்கும் கேபிளும், சாய்த்துக் கட்டிய பேனரும் நேராக நெற்றியில்தான் மோதும்.

மெட்ரோ நிலையங்களில் நாம் மிதித்துக்கொண்டு போகும் மஞ்சள் ஓடுகளை உருவாக்கியவர் ஜப்பானின் செய்இச்சி மியாகே. 1967-இல் ஒகாயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் போகலாம். புள்ளிகள் என்றால் நில், கவனி. கோட்டைக் காலால் உணர்ந்து நடக்கப் பழகியவர் அதை முழுசாக நம்புவார். அதனால்தான் நடைபாதையில் அதே கோடு ஒரு மின்சாரப் பில்லர் பாக்ஸில் போய் முட்டி நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஓடே இல்லாத நடைபாதை இதைவிட மேல். அங்கே அவர் யாரையும் நம்பாமல், சுவரோரமாகக் கோலைத் தட்டிக்கொண்டு எச்சரிக்கையாகப் போவார்.

கொஞ்சம் பார்வை உள்ளவர்களின் பாடு வேறு. என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவிக்கு விழித்திரை நோய். நேர் எதிரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்தால் அதுவும் மங்கிவிடும். ஒரு நாள் பஸ்ஸில் கோலை மடித்து வைத்துவிட்டு செல்போனைப் பார்த்திருக்கிறாள். "நல்லாத்தானே தெரியுது, அப்புறம் எதுக்கும்மா இந்தக் குச்சி?" என்று பக்கத்தில் இருந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டார். அன்றைக்குப் பைக்குள் போன கோலை அவள் வெளியே எடுக்கவே இல்லை. இருட்டியதும் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலால் தடவித் தடவி இறங்கியிருக்கிறாள். பளபளக்கும் கிரானைட் படிகள், எல்லாம் ஒரே நிறம். விளிம்பில் மஞ்சள் பட்டை அடித்திருந்தால் அவளுக்கு அந்தப் பயம் இருந்திருக்காது. ஒரு டப்பா பெயின்ட் என்ன விலை?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், அணுகல் வசதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது படி விளிம்பைத்தான்.

பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் மாணவர் தனியாகப் போக வேண்டும். நான் தள்ளி நின்று பின்தொடர்வேன், வாய் திறக்க மாட்டேன். அந்தக் கல்லூரி மாணவி தன் முறை வந்தபோது, மாலையில் கோலை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் தேடிப் போனாள். வழியில் ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். இழுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். சொன்னாள். "நேரா போம்மா, டீக்கடை சத்தம் கேக்கும். அதைத் தாண்டினதும் உன் வலது கைப்பக்கம் நிழற்குடை" என்றார். இத்தனை துல்லியமாக வழி சொல்ல நான் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். அவருக்கு அது தானாகவே வந்தது.

நிழற்குடையில் அவளிடம் போய்ச் சேர்ந்ததும், அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டேன். "கிண்டி ஸ்டேஷன் சார். ஏழு மணிக்கு மேல, நல்ல கூட்டத்துல" என்றாள்.