92 வரிகளிலிருந்து ஒரு முழங்கால்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுத்திருப்பவருக்கு நேரம் நகரவே நகராது. இயந்திரம் தகவலை வரிவரியாகத்தான் சேகரிக்கிறது. எளிய ஸ்பின் எக்கோ முறையில் ஒரு வரிக்கு 2 நொடி என்றால் 256 வரிக்கு 512 நொடி, ஏறக்குறைய எட்டரை நிமிடம். அதுவரை அசையக்கூடாது. வலியோடு வந்தவருக்கும் சின்னக் குழந்தைக்கும் அது பெரிய சோதனை. அசைந்தால் படம் கலங்கும், மறுபடி எடுக்க வேண்டும். அந்த வரிகளில் முக்கால்வாசியை எடுக்காமலே விட்டுவிட்டு, விட்டதைக் கணக்கு போட்டு மீட்க முடியுமா என்று எட்டு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் எல்லை வரை முடிந்தது. வழியில் எங்கே தவறினேன், எது கைகொடுத்தது என்பதை எழுதி வைக்கிறேன். இப்போது இந்த வேலைக்குள் நுழைகிறவர்களுக்கு நான் இழந்த முதல் இரண்டு மாதமாவது மிச்சமாகட்டும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இயந்திரம் பதிவு செய்வது படத்தின் ஃபூரியர் மாற்றத்தை, அதாவது படத்தைப் பல அலைகளாகப் பிரித்து எழுதிய வடிவத்தை. அதைக் கே-வெளி என்கிறோம். அதன் நடுப்பகுதியில் படத்தின் பொதுவான வெளிச்சமும் இருட்டும் இருக்கும். ஓரங்களில் விளிம்புகளும் நுண்விவரங்களும் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலப்பெண், அதாவது அதற்கு வீச்சும் (அலையின் அளவு) உண்டு, கட்டமும் (அலை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது) உண்டு. கடைசியில் திரையில் நாம் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் கட்டம் தூக்கி எறியப்பட்டுவிடும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்குச் சரியாக உள்வாங்கிக்கொள்ளவில்லை. கையில் இருந்தவை சேமித்து வைத்த சாதாரண ஸ்கேன் படங்கள். அவற்றுக்கு ஃபூரியர் மாற்றம் எடுத்தேன், நாலில் மூன்று வரிகளை அழித்தேன், மீட்டுப் பார்த்தேன். அற்புதமாக வந்தது. இரண்டு மாதம் அதையே மெருகேற்றினேன். பிறகு இயந்திரத்திலிருந்து நேரடியாக வந்த மூலத் தரவை அதே நிரலுக்குக் கொடுத்தபோது படம் சிதைந்து போய்விட்டது.

காரணம் தேட ஒரு வாரம் ஆனது. சேமித்த படத்தில் கட்டம் இல்லை என்பதால் அதன் கே-வெளியின் ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடிப் பிம்பம், இணைக் கலப்பெண்களாக. நான் அழித்த வரிகளில் பலவற்றின் விடை மறுபக்கம் அப்படியே இருந்தது. அதோடு, சேமிக்கும் முன்பே அந்தப் படங்களின் கே-வெளி ஓரங்களில் பூஜ்யம் நிரப்பி, வடிகட்டி, மென்மையாக்கியிருந்தார்கள். நான் மீட்டுக்கொண்டிருந்தது ஏற்கெனவே சுலபமாக்கப்பட்ட கணக்கு. இதே சிக்கலை எஃப்ரத் ஷிம்ரோனும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் விரிவாக எழுதி, இதைத் தரவுக் குற்றம் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அதை முதல் நாளே படித்திருக்க வேண்டும். நீங்கள் படித்துவிடுங்கள்.

அப்புறம் மூலத் தரவுக்கே போனேன். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கின் செயற்கை அறிவு ஆய்வுப் பிரிவும் 2018-இல் வெளியிட்ட ஃபாஸ்ட்எம்ஆர்ஐ தொகுப்பில் முழங்கால் ஸ்கேன்களின் முழுக் கே-வெளியும் கிடைக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும், அதாவது முழங்காலின் ஒவ்வொரு மெல்லிய அடுக்குக்கும், 15 காயில்கள் (சமிக்ஞையை வாங்கும் கம்பிச்சுருள்கள்) பதிவு செய்த 15 அணிகள். நான் அதிகம் பயன்படுத்திய கோப்புகளில் ஒவ்வோர் அணியும் 640-க்கு 368. படத்தில் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர், வெட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர்.

முதலில் வந்த படத்தில் முழங்காலின் நான்கு கால்பகுதிகளும் நான்கு மூலைகளில் கிடந்தன. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மையத்தை நகர்த்த வேண்டும், அதை விட்டிருந்தேன். அதைச் சரிசெய்தால் படம் மேலும் கீழும் நீண்டிருந்தது. இயந்திரம் ஒரு வரியைப் படித்துக்கொண்டே போகும் திசையில் இரண்டு மடங்கு நெருக்கமாக மாதிரி எடுப்பது வழக்கம். அதனால் 640-இல் நடுவில் உள்ள 320 தான் நமக்கு வேண்டியது. வெட்டி எடுத்தேன். 15 படங்களையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்ததும் முழங்கால் வந்து நின்றது. மூலத் தரவிலிருந்து நானே உருவாக்கிய முதல் படம் அது. சந்தோஷமாக இருந்தது.

அடுத்துச் செய்ததைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் பின்னால் எனக்கு எல்லாவற்றையும் காப்பாற்றியது அதுதான். 15 காயில்களின் இரைச்சலும் ஒரே அளவில் இருக்காது. ஒன்றின் இரைச்சல் பக்கத்துக் காயிலிலும் கலந்திருக்கும். ஸ்கேனுக்கு முன் இரைச்சலை மட்டும் தனியே பதிந்த தரவு இருந்தால் நல்லது. எனக்கு அது இல்லை. ஆகவே சமிக்ஞை ஏறக்குறைய இல்லாத கே-வெளியின் மூலைகளிலிருந்து 15-க்கு 15 இணைமாறுபாட்டு அணியைக் கணக்கிட்டேன்; எந்தக் காயிலின் இரைச்சல் எவ்வளவு, எதனோடு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அது சொல்லும். சில கோப்புகளில் ஓர வரிகள் வெறும் பூஜ்யங்கள்; அவற்றைச் சேர்த்துக்கொண்டால் இரைச்சல் பொய்யாகக் குறைந்து தெரியும், கவனம். சோலஸ்கி என்ற அணிப்பிரிப்பு முறையில் அதைப் பிரித்து, தலைகீழாக்கித் தரவைப் பெருக்கினால் எல்லாக் காயிலின் இரைச்சலும் 1 என்ற ஒரே அலகுக்கு வந்துவிடும். இரைச்சலைக் கறுப்பு வெள்ளைப் படத்தின் வெற்றிடத்தில் அளக்காதீர்கள். ஒற்றைக் காயிலில்கூட அங்கே கிடைக்கும் திட்டவிலக்கம் உண்மையான இரைச்சலில் 0.655 பங்குதான், வீச்சை மட்டும் எடுத்ததால் வரும் விளைவு.

சரி, இனி வரிகளைக் குறைக்கலாம். முதலில் சென்ஸ். புரூஸ்மன் குழுவினர் 1999-இல் தந்த முறை. நாலு வரிக்கு ஒன்று என்று சீராக எடுத்தால் படம் தன்மேலேயே நாலாக மடிந்து விழும். ஆனால் ஒவ்வொரு காயிலும் உடலின் வெவ்வேறு பக்கத்தை அதிகமாகப் பார்ப்பதால், மடிந்த ஒவ்வொரு புள்ளியையும் சமன்பாடு போட்டுப் பிரிக்க முடியும். பிரிந்தது. ஆனால் படத்தின் நடுவில் மணல் தூவியதுபோல் இரைச்சல். நாலில் ஒரு பங்கு தரவுதான் எடுத்தோம் என்பதாலேயே சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் பாதியாகிவிடும். காயில்களின் பார்வை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இடங்களில் அதற்கும் கீழே போகும். நடுப்பகுதி அப்படிப்பட்ட இடம். இது முறையின் தவறு இல்லை, அளந்த தரவில் அவ்வளவுதான் இருக்கிறது.

அங்கிருந்து சுருக்கி அளத்தலுக்கு வந்தேன். லுஸ்டிக், டொனோஹோ, பாலி மூவரும் 2007-இல் எம்.ஆர்.ஐ.க்குக் கொண்டுவந்த வழி. வரிகளைச் சீராக விடாமல் தாறுமாறாக விட வேண்டும். அப்போது மடிப்பு தெளிவான பேய்ப்படமாக வராமல் இரைச்சல்போலச் சிதறும். உடலின் படத்தை வேவ்லெட்டில், அதாவது சின்னச் சின்ன அலைத்துண்டுகளின் கூட்டாக, எழுதினால் பெரும்பாலான எண்கள் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். சிதறல் அப்படி இருக்காது. சின்ன எண்களைக் கத்தரித்து, அளந்த வரிகளோடு மறுபடி பொருத்தி, திரும்பத் திரும்பச் செய்தால் படம் தெளியும். நடுவில் 8 சதவீத வரிகளை, அதாவது 29-ஐ, முழுமையாக வைத்துக்கொண்டேன். எந்தக் காயில் எந்த இடத்தை எவ்வளவு பார்க்கிறது என்று காட்டும் உணர்திறன் வரைபடத்தை அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். மீதியைத் தாறுமாறாக. மொத்தம் 92 வரி, 368-இல் கால்வாசி.

படத்தில் முதலில் சதுரம் சதுரமாகத் தழும்பு தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் படத்தைச் சில பிக்சல் தாறுமாறாக நகர்த்திவிட்டு வேவ்லெட் எடுத்ததும் அது போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு கத்தரிப்பது? லாம்டா என்ற ஓர் எண் அதை முடிவு செய்கிறது. முழு ஸ்கேனோடு ஒப்பிட்டு, இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும் எஸ்.எஸ்.ஐ.எம். மதிப்பெண் எதில் அதிகமோ அந்த லாம்டாவை எடுத்தேன். படம் பளபளவென்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு கதிரியக்க மருத்துவரிடம் பெருமையோடு காட்டினேன்.

"டாக்டர், முழு ஸ்கேனைவிட இது தெளிவா இல்லையா?"

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை வச்சு நான் ரிப்போர்ட் எழுத மாட்டேன். குருத்தெலும்புல இருந்த அந்த விரிசல் எங்க போச்சு?"

முழுப் படத்தில் ஒரு பிக்சல், இரண்டு பிக்சல் அகலத்தில் ஒரு சாம்பல் கோடு இருந்தது. என் படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. நோயாளி ஸ்கேனுக்கு வந்ததே அந்தக் கோட்டுக்காக இருக்கலாம். லட்சம் பிக்சல்களின் சராசரியில் ஐந்தாறு பிக்சல் தொலைந்தால் மதிப்பெண் அசையாது. அன்றோடு மதிப்பெண்ணை வைத்து லாம்டாவைத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தினேன்.

பதிலுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் முன்பு செய்த இரைச்சல் வேலை கைகொடுத்தது. எல்லாக் காயிலின் இரைச்சலும் 1 ஆகிவிட்டதால், மீட்ட படத்தை மறுபடி கே-வெளிக்குக் கொண்டுபோய் அளந்த வரிகளிலிருந்து கழித்தால், மிச்சத்தின் சராசரி வர்க்கம் 1-ஐ ஒட்டி வர வேண்டும். அதைவிட நன்றாக மேலே போனால் இரைச்சலோடு சேர்த்து உண்மையான தரவையும் நான் தூக்கி எறிகிறேன் என்று அர்த்தம். எனக்கு 2.3 வந்திருந்தது! அந்த அழகான படம் இயந்திரம் அளந்ததோடு ஒத்துப்போகவே இல்லை.

லாம்டாவைக் குறைத்தும் 1.6-க்குக் கீழே இறங்கவில்லை. கத்தரிக்காமல் விட்டாலே 1-க்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டிய எண் இது. அப்படியென்றால் கோளாறு உணர்திறன் வரைபடத்தில். மிச்சத்தைப் படமாக்கிப் பார்த்தேன். ஒரு பக்க ஓரத்தில் மட்டும் வெளிச்சமாக ஒரு பட்டை. படப்புலத்துக்கு வெளியே இருந்த திசு மடிந்து வந்து விழும் இடம் அது. அங்கே ஒரே பிக்சலில் இரண்டு வேறு இடங்கள் இருப்பதால் ஒரு வரைபடம் போதாது. உயெக்கர் குழுவினரின் எஸ்பிரிட் முறை இரண்டு தொகுதி வரைபடங்களை அனுமதிக்கிறது; அவர்களுடைய பார்ட் என்ற இலவச மென்பொருளிலேயே அது இருக்கிறது. மாற்றியதும் மிச்சம் 1.1. விரிசல் திரும்பி வந்தது. படம் கொஞ்சம் மணல்மணலாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

ஒரு விரிசல் தெரிந்துவிட்டால் போதாது. அதனால் முழுக் கே-வெளியிலேயே நானாகச் சில மெல்லிய கோடுகளைச் சேர்த்தேன், கட்டத்தோடு, 15 காயில்களின் உணர்திறனோடும், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு அழுத்தத்தில். பிறகு வரிகளைக் குறைத்து மீட்டு எது பிழைக்கிறது என்று எண்ணினேன். இன்னொன்று, அதே தரவின் மேல் புதிய இரைச்சலை நூறு முறை சேர்த்து நூறு முறை மீட்டேன். எந்தப் பிக்சல் எவ்வளவு ஆடுகிறது என்பது அப்படித்தான் தெரியும். கணினி ஓர் இரவு முழுக்க ஓடும், பரவாயில்லை.

கடைசியாக நரம்பு வலையமைப்பு, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரல். ஹாமர்னிக் குழுவினர் 2018-இல் காட்டிய வகை: ஒவ்வொரு படியிலும் வலையமைப்பு படத்தைச் சுத்தம் செய்யும், உடனே அளந்த வரிகளோடு மறுபடி பொருத்தும். பயிற்சி முடிந்தபின் ஒரு வெட்டுக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. நாலு மடங்கு வேகத்தில், அதாவது 92 வரியில், என் கோடுகளில் மிக மங்கலான சிலவற்றைத் தவிர எல்லாம் தங்கின, இரைச்சலும் வேவ்லெட்டைவிடக் குறைவு. இந்த முறையின் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது இங்கேதான்.

எட்டு மடங்கில், அதாவது 46 வரியில், நிலைமை வேறு. படம் அதே அளவு தெளிவாக இருந்தது. கோடுகள் பல காணாமல் போயிருந்தன. மோசமான படத்தைப் பார்த்தால் மருத்துவர் சந்தேகப்படுவார். தெளிவான படத்தைச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. ஆந்துன் குழுவினர் 2020-இல் இப்படிப்பட்ட நிலையின்மையைக் காட்டினார்கள். அதே ஆண்டின் ஃபாஸ்ட்எம்ஆர்ஐ போட்டியிலும் இல்லாத அமைப்புகள் படத்தில் முளைப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

நாலு மடங்கில் மீட்ட படங்களை, எது முழு ஸ்கேன் என்று சொல்லாமல், கலந்து அதே மருத்துவரிடம் கொடுத்தேன். எந்தப் படத்தை வைத்து ரிப்போர்ட் எழுதுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். இந்த முறை எதையும் ஒதுக்கவில்லை. ஒரே ஒரு வெட்டில் மெனிஸ்கஸின் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு) ஓரம் கொஞ்சம் மழுங்கியிருப்பதாகச் சொன்னார். எடுத்துப் பார்த்தேன். அந்த வெட்டில் மட்டும் மிச்சம் 1.4. ஏன் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.