கிளிக்குப் பக்கத்தில் வல்லூறு

நம் விலங்கியல் சார் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். சங்கத்தின் மலர் இதழுக்கு அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றபோது, "கிளி எழுதட்டும்" என்றது குழு. அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவரே அவர்தானே.

அந்த அட்டைப் பெட்டியை நம்மில் யார் மறக்க முடியும்? வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பறவைப் படங்களை மேசையில் கொட்டி, "சொந்தக்காரங்களைச் சேர்த்து வை" என்பார். தகைவிலானையும் உழவாரனையும் எல்லா வகுப்பும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்கும். இரண்டுக்கும் நீண்ட இறக்கை, இரண்டும் பறந்தபடியே பூச்சி பிடிக்கும். சார் காலைப் பார்க்கச் சொல்வார். தகைவிலான் கம்பியில் வரிசையாக உட்காரும். உழவாரனின் குட்டைக் காலால் செங்குத்துச் சுவரைத்தான் பற்ற முடியும். அதற்கு நெருங்கிய உறவு ஓசனிச்சிட்டு, அதாவது ஹம்மிங்பேர்ட். "நீங்க எல்லாரும் ஒரே சீருடை. அதுக்காக ஒரே தாய் பிள்ளைகளா?" வருடா வருடம் இதே நகைச்சுவை, நாங்களும் சிரித்து வைப்போம். சரி, காலை நம்பலாம் என்று நினைத்தால் அதிலும் மண். முன்னே இரண்டு விரல், பின்னே இரண்டு விரல் என்பது மரங்கொத்திக்கும் உண்டு, கிளிக்கும் உண்டு, குயிலுக்கும் உண்டு.

ஒருநாள் நான் வல்லூறைப் பருந்து, கழுகுக் கூட்டத்திலிருந்து உருவி, கிளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"காரணம்?"

"வளைஞ்ச அலகு சார்."

"கழுகுக்கு என்ன, நேராவா இருக்கு?"

வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை இரண்டு படங்களையும் கையில் பிடித்தபடி பெஞ்சின் மேல் நின்றேன். அன்று முதல் நான் கிளி.

2008-இல் 169 பறவை இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 'சயன்ஸ்' இதழில் வந்தது. வல்லூறுகள் கழுகுகளைவிடக் கிளிகளுக்கும் குருவி, காகம் அடங்கிய பெருங்கூட்டத்துக்கும் நெருக்கமாம்! 2014-இல் 48 இனங்களின் முழு மரபணுத்தொகுதியைப் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். முதல் கட்டுரையை அச்செடுத்து உறையில் போட்டேன். நன்றி சொல்ல அல்ல, பழி தீர்க்க. ஆனால் வளைந்த அலகு ஆந்தைக்கும் உண்டு. அதை வைத்து நான் எதையும் நிறுவிவிடவில்லை. அது உறைத்ததாலோ, வழக்கமான சோம்பலாலோ, உறை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது.

ஊரிலேயே இருந்துவிட்ட நண்பர்கள் மாலைகளில் சாரைப் போய்ப் பார்ப்பார்களாம். அவரும் அந்த ஆய்வைப் படித்திருக்கிறார். "விடை சரியாப் போச்சு. அவன் காரணத்தைக் கண்டுபிடிச்சானா?" என்று அவர்களிடம் கேட்டாராம். இரங்கல் செய்திகளுக்கு நடுவேதான் இது எனக்குத் தெரியவந்தது.

"அவன் வெளிநாட்டுல ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுறான் சார்" என்றார்களாம்.