நியூயார்க் மேட்ச் நியூயார்க்கில் இல்லை, மாமா

2025 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு மாமாவிடமிருந்து போன். முந்தின நாள் ராத்திரிதான் 2026 உலகக்கோப்பையின் முழு அட்டவணை வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு மனுஷன் தூங்கவே இல்லை போல.

"பாப்பா, பிரேசில் முதல் மேட்ச் ஜூன் 13. மொராக்கோ கூட. நியூயார்க்ல."

"நியூயார்க்ல இல்ல மாமா."

"டிவில போட்டான்மா, நானே பார்த்தேன்."

எனக்கு 34 வயது, இன்னும் பாப்பாதான். மாமா பிறந்து வளர்ந்தது ஹலசூருக்குப் பக்கத்தில் கௌதமபுரத்தில். தெருமுனையில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் ஏரியா, பெங்களூருத் தமிழர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சின்ன வயசில் அங்கிருந்து அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியம் வரைக்கும் டிரினிட்டி சர்க்கிள் வழியாக நடந்தே போய் மேட்ச் பார்த்துவிட்டு நடந்தே திரும்பிய ஆள். ஸ்டேடியம் என்றால் நடந்து போகிற தூரத்தில் இருப்பது என்பது அவர் மனசில் ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது. இப்போது மகள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறாள், விசா கையில் இருக்கிறது, பிரேசில் மேட்ச் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வருகிறது. டிக்கெட்டுக்குக் குலுக்கலில் பெயர் கொடுப்பது டிசம்பர் 11-இல் தொடங்குவதாக இருந்தது. கிடைக்குமா கிடைக்காதா என்ற பேச்சே மாமாவிடம் இல்லை, நேராகப் போகும் வழிக்கு வந்துவிட்டார். 2025 ஜூலையில் அதே ஸ்டேடியத்துக்குப் போய் வந்தவள் நான் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அவர் வாட்ஸாப்பில் நீளமாக எதையும் படிக்க மாட்டார், யாராவது பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.

முதலில் பெயர் குழப்பம். மேட்ச் நடக்கும் மெட்லைஃப் ஸ்டேடியம் இருப்பது நியூஜெர்சி மாநிலத்தில் ஈஸ்ட் ரதர்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில். ஃபிஃபா ஸ்பான்சர் பெயர்களை விடாது, அதனால் உலகக்கோப்பைக்கு மட்டும் அதன் பெயர் 'நியூயார்க் நியூஜெர்சி ஸ்டேடியம்'. மாமாவுக்கு நான் சொன்ன உதாரணம்: பெங்களூரு மேட்ச் என்று போஸ்டர் ஒட்டிவிட்டு, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி ஓசூரில் வைப்பது மாதிரி. தூரம் அவ்வளவு இல்லை, ஆனால் மாநிலம் மாறிவிடுகிறது, ரயில் கம்பெனி மாறிவிடுகிறது, டிக்கெட்டும் மாறிவிடுகிறது. இது இந்த ஊரின் கதை மட்டும் இல்லை. டல்லாஸ் மேட்ச் ஆர்லிங்டனில், பாஸ்டன் மேட்ச் ஃபாக்ஸ்பரோவில், சான்ஃபிரான்சிஸ்கோ மேட்ச் சாண்டா கிளாராவில். ஃபாக்ஸ்பரோ பாஸ்டனிலிருந்து நிஜமாகவே ஓசூர் தூரம். அட்டவணையில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஓட்டல் போட்டவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அடுத்த குழப்பம் காதால் வருவது, இதில் விழுந்தவள் நானே. ஜூலை முதல் வாரம் ஆபீஸ் வேலையாகப் போனேன். நூவர்க் ஏர்போர்ட்டில் இறங்கி, ஜெர்சி சிட்டி ஓட்டலுக்குப் போக வேண்டும். 'நூவர்க் பென் ஸ்டேஷனில் இறங்கி பாத் ரயில் பிடி' என்று ஆபீஸில் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள் (பாத் என்பது அந்தப் பக்கத்து மெட்ரோ). ஏர்போர்ட்டிலிருந்து ரயில் ஏறினால் முதல் ஸ்டேஷனே நூவர்க் பென், நடுவில் சீகாகஸ், அதற்கப்புறம் நியூயார்க் பென். ஒரே லைனில் இரண்டு பென் ஸ்டேஷன், அதுவும் நூவர்க், நியூயார்க் என்று காதில் ஒரே மாதிரி விழும் பெயரில்! அறிவிப்பில் 'நூவர்க் பென்' என்று சொன்னபோது, அட அதுக்குள்ள வந்துடுச்சா, இருக்காது, இன்னும் ஊருக்குள்ளேயே போகவில்லையே என்று உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் ஒரு நீளமான இருட்டுச் சுரங்கம். வெளியே வந்தால் மன்ஹாட்டன். இரண்டு சூட்கேஸோடு 33-ஆவது தெரு வரை இழுத்துக்கொண்டு போய், பாத் ரயில் பிடித்து, வந்த ஆற்றையே அடியில் மறுபடி கடந்து ஜெர்சி சிட்டி வந்தேன். அங்கே நம் ஆட்கள் கடைகள் இருக்கும் தெருவுக்குப் பெயர் என்ன தெரியுமா, நூவர்க் அவென்யூ. போதும்டா சாமி.

மாமா, உங்களுக்கு ஒரே விதி: காதை நம்பாதீர்கள், போர்டைப் படியுங்கள்.

இனி மேட்ச் கதை. அது கிளப் உலகக்கோப்பை, 2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, அரையிறுதி, ஃப்ளூமினென்ஸ் – செல்சி. கௌதமபுரத்து ரத்தம், பிரேசில் கிளப் என்றதும் கை அரித்தது, ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்தால் 473 டாலர் 90 சென்ட். மூடி வைத்துவிட்டேன். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விலையை ஏற்றி இறக்கும் முறை அது, மேட்சுக்குச் சில நாள் முன்னால் பார்த்தால் அதே டிக்கெட் 13 டாலர் 40 சென்ட்! நம்ம காசில் ஆயிரத்து நூற்றைம்பது பக்கம். சின்னசாமியில் ஐபிஎல் பார்க்கக்கூட அது போதாது. லீவு சொல்லிவிட்டு முந்தின நாளே எடிசனில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். (உலகக்கோப்பைக்கும் இப்படி விழும் என்று காத்திருக்காதீர்கள் மாமா, அதுவும் பிரேசில் மேட்சுக்கு.)

எடிசனில் தங்குபவர்களுக்குப் பெரிய வசதி, நியூயார்க்குக்குள் போகவே வேண்டாம். எடிசன் ஸ்டேஷனில் நியூயார்க் போகிற ரயில் ஏறி, நூவர்க் பென்னைத் தாண்டி, சீகாகஸில் இறங்கினால் போதும். மன்ஹாட்டனிலிருந்து வருபவர்களும் அங்கேதான் வந்து மாற வேண்டும். அவர்கள் பாடு இன்னும் கஷ்டம், நியூயார்க் பென்னில் எந்த பிளாட்பாரம் என்பதை ரயில் கிளம்பச் சில நிமிஷம் இருக்கும்போதுதான் போர்டில் போடுவார்கள். அதுவரை ஹாலில் கூட்டமே கழுத்தை அண்ணாந்து நிற்கும். நம்பர் வந்ததும் ஒரே படிக்கட்டைப் பார்த்து எல்லோரும் பாய்வார்கள். பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் வளர்ந்த நமக்கே கொஞ்சம் திக்கென்று இருக்கும்.

எடிசன் ரயிலில் கண்டக்டர் வந்தார். என் போனில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, சின்னத் துண்டு அட்டை ஒன்றை எடுத்து, சரக் சரக்கென்று இரண்டு ஓட்டை போட்டு, எனக்கு முன்னால் இருந்த சீட்டின் மேல்விளிம்பில் செருகிவிட்டுப் போனார். நான் அதை என்னுடையது என்று நினைத்துப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த ரவுண்டில் வந்தவர் சீட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அந்த அட்டை இருந்தால்தான் இந்த ஆளிடம் டிக்கெட் பார்த்தாச்சு என்று அவர்களுக்குத் தெரியுமாம். எடுத்துக் கொடுத்தேன், சிரித்துவிட்டு மறுபடி செருகினார்.

சீகாகஸில் இன்னொரு அசட்டுத்தனம். அந்த ஸ்டேஷன் இரண்டு அடுக்கு, எங்கள் ரயில் நிற்பது மேலே, ஸ்டேடியம் ரயில் கிளம்புவது கீழே. நடுவில் பெரிய வட்ட ஹால், அதற்குள் ஆளைவிடப் பல மடங்கு உயரத்துக்குக் கோரைப்புல் மாதிரி ஒரு சிற்பம், கீழே இறங்க மறுபடி கேட். நான் எடிசனிலிருந்து சீகாகஸ் வரைக்கும்தான் டிக்கெட் வாங்கியிருந்தேன். அங்கிருந்து ஸ்டேடியத்துக்கு மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நானாக முடிவு செய்திருந்தேன், யாரும் அப்படிச் சொல்லவில்லை. கேட் திறக்கவில்லை. பின்னால் இருநூறு பேர். ஓரமாக ஒதுங்கி மெஷினில் இன்னொரு டிக்கெட் வாங்கினேன். ஆக, அன்றைக்கு டிக்கெட் வாங்கும்போதே போகும் இடம் 'மெடோலேண்ட்ஸ்' (ஸ்டேடியத்துப் பக்கத்து ஸ்டேஷனின் பெயர் அது) என்று போட்டிருக்க வேண்டும், போக வர இரண்டுக்கும் சேர்த்து, வீட்டிலிருந்தே.

கீழ்ப் பிளாட்பாரம் முழுக்க ஃப்ளூமினென்ஸ் சட்டைகள், அரக்கும் பச்சையும் வெள்ளையும். ரயிலில் என் பக்கத்தில் ரியோவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், பேரனோடு. பேரன்தான் மொழிபெயர்ப்பு. எந்த ஊர் என்று கேட்டார், பெங்களூரு என்றேன், புரியவில்லை. போனைத் திறந்து எங்கள் தெருமுனை பெலே சிலையைக் காட்டினேன். கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி, "சான்டோஸ்" என்றார். பெலே வேற கிளப்! பேரன் தலையில் அடித்துக்கொண்டான். இதை மாமாவிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம், "அந்தாளு சொல்றதும் நியாயம்தானே" என்றார்.

மேட்ச் மதியம் 3 மணிக்கு, மண்டை பிளக்கும் வெயில். செல்சி 2–0. இரண்டும் ஜோவாவ் பெட்ரோ, ஃப்ளூமினென்ஸிலேயே வளர்ந்த பையன், கோல் போட்டுவிட்டுக் கொண்டாடாமல் மன்னிப்புக் கேட்பதுபோல் கையைத் தூக்கினான். ஃப்ளூமினென்ஸ் கேப்டன், 40 வயது தியாகோ சில்வா பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தார். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வழி சொல்ல முடியாது, விடுகிறேன்.

முக்கியமானது திரும்பி வருவது. போகும்போது ஆட்கள் மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள், திரும்பும்போது எல்லோரும் ஒரே நேரத்தில். 80,000 பேருக்கு மேல் பிடிக்கும் இடம். சுற்றிலும் சதுப்பு நிலமும் ஹைவேயும், தெருவென்று ஒன்று கிடையாது. "சீகாகஸ் அஞ்சாறு கிலோமீட்டர்னா நடந்துடலாமே பாப்பா" என்றார் மாமா. முடியாது மாமா, எட்டு லேன் ரோடு, நடக்கிறவனுக்கு அங்கே வழியே போடவில்லை. 2014 பிப்ரவரியில் அமெரிக்கன் ஃபுட்பாலின் ஃபைனலான சூப்பர் பவுல் இதே இடத்தில் நடந்தபோது, கணக்குப் போட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, சுமார் 28,000 பேர் ரயிலில் வந்துவிட்டார்கள். சீகாகஸில் மூச்சு முட்டி மயங்கி விழும் அளவுக்கு நெரிசல்.

நான் போன அன்று ஸ்டேஷனுக்கு முன்னால் தடுப்பு போட்டு, கூட்டத்தைப் பட்டி பட்டியாகப் பிரித்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு ரயில் நிரம்பிப் போனதும் முன்பட்டி திறக்கும், மற்றவை ஒரு கட்டம் நகரும். முதல் இருபது நிமிஷம் எரிச்சல். டாக்ஸி ஆப்பைத் திறந்து பார்த்தேன், மேட்ச் டிக்கெட்டைப் போல ஏழெட்டு மடங்கு கேட்டது, மூடிவிட்டேன். பக்கத்தில் ஒருத்தர் தடுப்பை ஏறிக் குதிக்கப் பார்க்க, போலீஸ்காரர் கையை மட்டும் நீட்டி நிறுத்தினார். எனக்கு அப்போது ஜூன் 4 ஞாபகம் வந்தது. சின்னசாமி வாசலில் ஆர்சிபி கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் உயிர் போய் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. எங்கள் டீமில் ஒரு பையன் அன்றைக்கு அங்கே போய், செருப்பில்லாமல் கப்பன் பார்க் வரை ஓடி வந்திருக்கிறான். அதற்கப்புறம் நான் போனைப் பையில் போட்டுவிட்டு, பேசாமல் பட்டியில் நின்றேன். ஒரு மணி பத்து நிமிஷம்.

சரி, மாமாவின் இரண்டாவது ஆசை. பிரேசில் அடுத்து ஜூன் 19 ஹெய்ட்டியோடு, ஃபிலடெல்ஃபியாவில். இது சொன்ன ஊரிலேயே நடக்கிற மேட்ச், ஊர் சப்வேயின் பிராட் ஸ்ட்ரீட் லைனில் தெற்கே கடைசி ஸ்டேஷன் வரை போனால் மேலே ஏறியதும் ஸ்டேடியம் தெரியும். எடிசனிலிருந்து ட்ரென்டன் வரை ஒரு ரயில், அங்கே மாறி ஃபிலடெல்ஃபியா லோக்கல், பிறகு சப்வே. மூன்று டிக்கெட், ஆனால் நேராகப் போகும் ஆம்ட்ராக் ரயிலைவிடச் செலவு ரொம்பக் குறைவு. மேட்ச் ராத்திரி, திரும்ப ட்ரென்டன் வண்டியைத் துரத்த வேண்டாம், அங்கேயே ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள். மூன்றாவது ஸ்காட்லாந்தோடு மயாமியில், அதாவது மயாமி கார்டன்ஸில். அங்கே நமக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, டிவி போதும்.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்டேடியத்துக்குள் துணிப்பை, முதுகுப்பை விடமாட்டார்கள், உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பைதான். மாத்திரை டப்பாவை அதில் போடுங்கள். இடி இடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். 2025 ஜூன் கடைசியில் ஷார்லட்டில் செல்சி – பென்ஃபிகா மேட்ச் மின்னலால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றது. ராத்திரி ரயிலைக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது மாமா காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதும் சத்தத்தோடு வாய்விட்டுச் சொல்வது அவர் வழக்கம். எடிசன், நூவர்க் இறங்கக் கூடாது, சீகாகஸ் மாறணும், மெடோலேண்ட்ஸ். திரும்ப மெடோலேண்ட்ஸ், சீகாகஸ். நிறுத்தினார்.

"பாப்பா, அந்தப் பட்டியில ஒரு மணி நேரம் நிக்கறப்ப பாத்ரூம் வந்தா?"

உண்மையைச் சொன்னால் அதை நான் யோசிக்கவே இல்லை. "ஃபைனல் விசில் அடிக்கறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க மாமா" என்றேன்.

"பிரேசில் மேட்ச்லயா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.