பாயா கிண்ணத்தில் கழன்று வந்த குமிழ்

போன ஞாயிற்றுக்கிழமை விருதம்பட்டில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் பாயாவுக்கு ஆட்டுக்கால் கேட்டேன். பாய் ஒரு காலை எடுத்து, குளம்புக்குச் சற்று மேலே கத்தியை வைத்து ஒரு திருகு திருகினார். எலும்பின் முனை தனியாகப் பிரிந்து வந்தது.

"பாத்தீங்களா டீச்சர், இளசு. கிழடுன்னா இந்த எடத்துல பிரியவே பிரியாது."

பிரிந்த இடம் ஈரச் சிவப்பாக, வரப்பு வரப்பாக மேடும் பள்ளமுமாக இருந்தது. பதினான்கு வருடமாக விலங்கியல் எடுக்கிறேன். எலும்பு நீளமாக வளரும் இந்த இடத்தை, அதாவது வளர்ச்சித் தட்டை, கரும்பலகையில் இரண்டு கோடாகப் போட்டதோடு சரி, கையில் தொட்டதில்லை.

மத்தியானம் இடியாப்பத்தோடு பாயா. என் மகள் கிண்ணத்திலிருந்து உருண்டையாக ஒரு குமிழை எடுத்து, "இது மட்டும் ஏம்மா கழண்டு வருது?" என்றாள். எலும்புக்கும் அந்தக் குமிழுக்கும் நடுவே இருந்தது குருத்தெலும்பு. வேகவேகக் கரைந்துவிட்டது, அதனால் கழன்றது என்றேன். "அப்ப அது எப்போ எலும்பா மாறும்?"

இந்த 'மாறும்' என்ற சொல்லில்தான் எனக்கு வம்பு. பால் தயிராவது போல என்று பல வருடம் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அப்படி இல்லை. கருவில் கை, கால் எலும்புகளுக்கு முதலில் குருத்தெலும்பில் ஓர் அச்சு உருவாகிறது. வீடு கட்டும்போது சென்ட்ரிங் அடிப்பது போல. அப்புறம் ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. எலும்பு கட்டும் செல்கள் கூடவே வந்து, அச்சைக் கரைத்த இடத்தில் எலும்பை வைக்கின்றன. பலகையே கான்கிரீட் ஆகிவிடுவதில்லையே!

ஆனால் பலகையை எப்போது பிரிப்பது? சீக்கிரம் பிரித்தால் எலும்பு குட்டையாக நின்றுவிடும். இங்கேதான் செல்கள் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பிக்கொள்கின்றன. எலும்பின் நுனிப்பக்கச் செல்கள் பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பாராதைராய்டு ஹார்மோனுக்கு ஒன்றுவிட்ட உறவு அது. அது எட்டும் தூரம்வரை உள்ள செல்கள் இட்லித் தட்டு அடுக்கியது போல வரிசையாகப் பெருகிக்கொண்டே இருக்கும். எட்டாத தூரத்துக்குப் போன செல் பெருகுவதை நிறுத்தி, உப்பத் தயாராகும்; உப்பிய இடத்தில்தான் அப்புறம் எலும்பு வரும். தயாராகும்போதே வேறொரு புரதத்தை வெளியே விடும். அது நுனிக்குப் போய், "இன்னும் கொஞ்சம் பி.டி.எச்.ஆர்.பி. விடு, பின்னால் வருகிறவர்கள் அவசரப்பட வேண்டாம்" என்று சொல்லும். முன்னால் போன செல்லே பின்னால் வருவதை நிதானப்படுத்துகிறது. இந்தச் சுற்று 1996-இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. பி.டி.எச்.ஆர்.பி. இல்லாத எலிக்குட்டிகளுக்கு எலும்பு முன்கூட்டியே இறுகி, கால்கள் குட்டையாகிப் போயின.

அந்த இரண்டாவது புரதத்தின் பெயர் இந்தியன் ஹெட்ஜ்ஹாக், அதாவது இந்திய முள்ளெலி. பழ ஈயில் ஒரு மரபணு கெட்டுப்போனால் புழுவின் உடம்பெல்லாம் முள் முளைத்தது போல ஆகிவிடும், அதனால் அதற்கு முள்ளெலி என்று பெயர். பாலூட்டிகளில் அதன் பங்காளிகளைக் கண்டபோது ஒன்றுக்கு நம் நாட்டு முள்ளெலியின் பெயர் விழுந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இந்த முள்ளெலிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அச்சைச் சுற்றிய உறையிலுள்ள செல்களிடம் எலும்பு கட்டத் தொடங்கச் சொல்வது. உப்பிய செல்களோ வி.இ.ஜி.எஃப். என்ற சமிக்ஞையால் ரத்தக் குழாயை அழைக்கின்றன.

உப்பிய செல்கள் எல்லாம் செத்துவிடும் என்றுதான் அப்புறம் திருத்திச் சொல்லி வந்தேன். அதுவும் முழுக்கச் சரியில்லையாம். 2014-இல் எலிகளில் செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தார்கள்; அவற்றில் ஒரு பங்கு பிழைத்து, எலும்பு கட்டும் செல்களாகவே ஆகியிருந்தது. ஆக, என் மகள் கேட்ட 'மாறும்' கொஞ்சம் உண்மைதான். சோற்றுக் கையோடு அவளிடம் அதையும் ஒப்புக்கொண்டேன்.

குமிழ்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், வகுப்புக்குக் கொண்டுபோக. ஒப்பிட்டுக் காட்ட, அடுத்த வாரம் ஒரு கிழட்டு ஆட்டின் காலும் வேண்டும் என்று பாயிடம் சொன்னேன். தராசை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், குக்கர்ல வச்சாலும் வேகாதே அது."